கட்டுரையில் விடுபட்ட வைத்தியசாலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் பொது மருத்துவக் காப்புறுதி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல கட்டுரைதான். ஆனால் 1947இல் சஸ்கச்சுவான் மாகாணத்தில் அதன் முதல்வர் டொமி டக்ளஸ் வைத்தியசாலைக் காப்புறுதியைக் கொண்டுவந்த நாள்முதல் இந்த நாட்டில் நோயாளிகளிடையே பேதம் பார்க்கப்படவில்லை என்ற வரியை என்னால் விழுங்க முடியவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான் எட்மன்டனில் சார்ள்ஸ் கம்செல் இந்தியர் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 'இந்தியர்' என்பது முதற்குடி மக்களுக்கு அன்று அரசு வைத்திருந்த பெயர். அவர்களுக்கும், ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்களுக்கும் மட்டுமென மத்திய அரசு நடத்தியது அது. நனைமோ, மூஸ் பக்டரி போன்ற ஊர்களிலுமாக 1960 அளவில் இத்தகையவை இருபதுக்கு மேல் இருந்தன. அவர்களின் காசநோய் வெள்ளையர் ஊர்களுக்குத் தொற்றிவிடும் என்ற பயமே இவற்றுக்குக் கால்கோள். அக்கறை எவ்வளவு என்பதைக் கணக்கே சொல்லும்: ஒரு நோயாளிக்கு ஆன செலவு பொது வைத்தியசாலைகளில் ஆனதில் ஏறக்குறையப் பாதி. காசநோய்க்கு மருந்து வந்த பிறகும் விலா எலும்புகளை அகற்றும் சத்திரசிகிச்சை இங்கே தொடர்ந்தது. வேண்டாம் என்று எழுந்து போகவும் வழியில்லை. 1953இன் விதிகளின்படி சிகிச்சையை மறுப்பது குற்றம். பொலிஸார் பிடித்து வந்து படுக்கையில் சேர்க்கலாம்.

நான் வசிக்கும் ஹமில்டனிலும் இந்தக் கதை உண்டு. 1950 முதல் 'சி.டி. ஹவ்' என்ற கப்பல் கிழக்கு ஆர்க்டிக் கரையோரமாகப் போய், இனுவிட் மக்களைக் கப்பலிலேயே எக்ஸ்ரே எடுத்தது. நோய் கண்டவர்கள் பலருக்குக் கரையிறங்கிப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வரக்கூட அனுமதி கிடைக்கவில்லை. அப்படி வந்தவர்களில் பெருந்தொகையானோர் இங்கே மலைமேட்டிலிருந்த காசநோய் வைத்தியசாலையில் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் கிடந்தார்கள். மொழி தெரிந்த தாதி இல்லை. சமைத்த உணவும் பழக்கமில்லாதது. படுக்கையில் இருந்தபடியே மாக்கல்லில் கடல்நாயும் கரடியும் செதுக்கினார்கள். இன்று அவை கலைப்பொருள்களாக மதிக்கப்படுகின்றன. 1956இல் இனுவிட் மக்களில் ஏழு பேருக்கு ஒருவர் தெற்கே வைத்தியசாலைகளில் இருந்தார். இறந்தவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதைப் பல குடும்பங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. இதற்கு அப்போதைய பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2019 மார்ச்சில், இனுவிட் மக்களின் நுனவுட் பிரதேசத் தலைநகரான இக்காலுவிட்டில்.

இந்தியர் வைத்தியசாலைகள் தொடர்பான வழக்கு 2018இல் தொடுக்கப்பட்டது. ஏழாண்டுகள் கழித்து, 2025இல்தான் இணக்கம் வந்தது. அங்கே துன்புறுத்தப்பட்டவர்களுக்குப் பத்தாயிரம் முதல் இரண்டு இலட்சம் டொலர் வரை நட்டஈடு. உயிரோடு எஞ்சியவர்களுக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2020இல் கியூபெக்கின் ஜோலியெட் வைத்தியசாலையில் ஜோய்ஸ் எச்சாகுவான் என்ற அட்டிகமெக் முதற்குடிப் பெண், ஊழியர்கள் தன்னை இழிவாகப் பேசுவதைத் தொலைபேசியில் நேரலையாகக் காட்டியபடியே இருந்து, அன்றே இறந்தார். ஏழு பிள்ளைகளின் தாய். இனவெறிக்கும் அந்த மரணத்தில் பங்குண்டு என்று மரண விசாரணை அதிகாரியே எழுதினார்.

இந்த நாட்டு வைத்தியசாலைகளில் நம்மவர்கள் எத்தனையோ பேர் தாதியராகவும் வைத்தியர்களாகவும் வேலை செய்கிறார்கள். உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்களும் அவர்களே. எனவே அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால் இதைப் பற்றித் தனியாகவும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹமில்டன், ஒன்ராறியோ