முட்டைக்கோது கழிவுப்பொருள் அன்று

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

சென்ற தவணை எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் நடைபெற்ற சித்திரக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். பத்தாந்தர மாணவி ஒருத்தி ஊர்க்கோழி முட்டையொன்றின் இரு முனைகளிலும் ஊசியால் துளையிட்டு, உள்ளிருந்ததை ஊதி வெளியேற்றிக் கழுவி உலர்த்தி, வெறுங்கோதின் மேல் மெல்லிய தூரிகையால் இழைக்கோலம் ஒன்றைத் தீட்டி வைத்திருந்தாள். நடுவில் அகன்று கிடந்த இழைகள் முனைகளை நெருங்க நெருங்கத் தாமும் நெருங்கி, ஓரிடத்திலும் முறியாமல் ஊசித்துளையைச் சுற்றி ஒன்றுகூடின. தட்டையான தாளில் கோலம் வரையத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். வளைந்த பரப்பில், அதுவும் ஒரு முனை பருத்து மறுமுனை ஒடுங்கும் பரப்பில், இழைகளின் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து குறைத்துக்கொண்டு போவது வேறு வகைத் திறமை. அந்த ஆக்கம் இருந்த மேசையிலோ ‘கழிவுப்பொருட்களிலிருந்து ஆக்கங்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் பிளாஸ்டிக் போத்தலும் மறுபக்கத்தில் யோகட் கோப்பையும் இருந்தன. நடுவர்கள் அதைக் கையில் எடுத்தும் பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சித்திரம் கற்பித்த எனக்கு அன்று ஏற்பட்ட வருத்தமே இக்கடிதத்தை எழுத வைத்தது.

மனிதன் அழகுபடுத்திய பொருட்களுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவற்றில் முட்டைக்கோதும் ஒன்று. தென்னாபிரிக்காவின் டீப்க்லூஃப் பாறைக் குகையில், ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன்னர் கோடுகள் கீறப்பட்ட தீக்கோழி முட்டைக்கோதுத் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. உக்ரேனியர் தேன்மெழுகால் முட்டையில் கோடிட்டு, சாயத்தில் தோய்த்து, மீண்டும் மெழுகிட்டு, இறுதியில் மெழுகை உருக்கித் துடைத்து உருவாக்கும் பிசங்கா என்னும் கலை 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நம் நாட்டில் துணியில் செய்யப்படும் பத்திக் வேலையின் முறையும் இதுவே. துணிக்குப் பதிலாக முட்டை, அவ்வளவுதான். பத்திக் பழகிய நம் பெண்களுக்கு அந்த மெழுகுக் கோட்டைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

விலையுயர்ந்த பொருளால் செய்தால்தான் கலையாகும் என்று நினைப்பவர்கள் ரஷ்யப் பொற்கொல்லர் பீட்டர் கார்ல் ஃபேபெர்ஜேயின் முட்டைகளை எடுத்துக்காட்டுவதுண்டு. அவருடைய தொழிலகம் அரச குடும்பத்துக்காக 50 உயிர்ப்பு ஞாயிறு முட்டைகளைச் செய்தது. அவற்றுள் முதலாவதை நன்றாகக் கவனிக்க வேண்டும். 1885இல் மூன்றாம் அலெக்சாண்டர் மன்னர் தம் மனைவிக்குப் பரிசளித்த அந்த முட்டையின் வெளிப்புறத்தில் மாணிக்கமும் இல்லை, வைரமும் இல்லை. கோழிமுட்டையைப் போல வெறும் வெள்ளை எனாமல் பூச்சு மட்டுமே. திறந்தால் பொன்னாலான மஞ்சட்கரு, அதைத் திறந்தால் பொன்னாலான கோழி. ஒரு பேரரசரின் பொற்கொல்லரே கோழிமுட்டையின் வெறுமையை விட்டுவிட மனமில்லாமல் அதிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்.

நம் மொழியோ இந்த வடிவத்தை இன்னும் உயரத்தில் வைத்திருக்கிறது. ‘அண்டம்’ என்ற சொல்லுக்கு முட்டை என்றும் பொருள், உலகம் என்றும் பொருள். திருவிழாவுக்குக் கட்டும் பந்தலைப் ‘பிரமாண்டம்’ என்கிறோம். பிரமனின் முட்டை என்பதே அச்சொல்லின் பொருள் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? சிற்ப மரபில் தெய்வத் திருமுகத்துக்குச் சொல்லப்படும் வடிவங்களில் ஒன்று குக்குடாண்டம், அதாவது கோழிமுட்டை. ருமேனியாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த சிற்பி பிரான்குசி, 1920ஆம் ஆண்டளவில் முட்டை வடிவப் பளிங்கு ஒன்றைச் செதுக்கி அதற்கு ‘உலகின் தொடக்கம்’ என்று பெயரிட்டார். அவர் ஒரு சிற்பத்தால் சொன்னதை நாம் ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகளின் சித்திரக் கொப்பிகளில் முட்டை என்பது அமுக்கிய வட்டமாகவே இருக்கிறது.

வகுப்பறையில் நடக்கும் தவறு இதுதான். முட்டையும் நீள்வட்டமும் ஒன்றென்றே பெரும்பாலும் கற்பிக்கிறோம். நீள்வட்டத்துக்கு இரண்டு சமச்சீர் அச்சுகள் உண்டு, முட்டைக்கு ஒன்றே. இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரு கவராயமும் அடிமட்டமும் போதும். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம் ஒன்றை வரைந்து, அதன் கிடை விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் உச்சிப் புள்ளியோடு இணைத்து, அக்கோடுகளை மேலே நீட்ட வேண்டும். விட்டத்தின் ஒவ்வொரு முனையையும் மையமாகக் கொண்டு, 10 சென்ரிமீற்றர் ஆரையில், எதிர்முனையில் தொடங்கி, அம்மையத்திலிருந்து உச்சி வழியாக நீட்டிய கோட்டைத் தொடும் வரை மேல்நோக்கி ஒரு வில் வரைய வேண்டும். பின்னர் உச்சிப் புள்ளியை மையமாக வைத்து அந்த இரு விற்களின் நுனிகளையும் ஒரு சிறு வில்லால் இணைத்தால், வட்டத்தின் கீழ் அரைப்பகுதியும் இம்மூன்று விற்களும் சேர்ந்து ஒரு முட்டையாகிவிடும். அதன் நீளம் அகலத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு, அடுப்படியிலிருந்து ஒரு கோழிமுட்டையை எடுத்து அளந்தாலும் அநேகமாக அதே கணக்குத்தான் வரும். என் மாணவர்கள் அளந்து பார்த்துவிட்டு வியந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எல்லா முட்டைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது என்பதை வன்னிப் பிள்ளைகள் வயலிலேயே பார்க்கலாம். ஆட்காட்டி வெறுந்தரையில் இடும் நான்கு முட்டைகளும் ஒரு முனை நன்றாகக் கூர்ந்தவை. கூர்முனைகள் உள்நோக்கியிருப்பதால் நான்கும் நெருங்கி அடங்கிவிடுகின்றன.

கைப்பணியாளருக்கும் இதில் வேலை இருக்கிறது. டென்மார்க்கின் கட்டடக்கலைஞர் ஆர்னே யாக்கோப்சன் 1958இல் கோப்பன்கேகன் விடுதியொன்றுக்காக வடிவமைத்த ‘முட்டை’ நாற்காலி இன்றும் விற்பனையாகிறது. நம் ஊர்ப் பெண்கள் இழைக்கும் பனையோலைக் கடகத்தைப் பாருங்கள்: அடி சதுரம், வாய் வட்டம். சதுரத்தை வட்டமாக்கும் அந்த விரல்களால் ஓலையை முட்டையாக ஒடுக்கி முடிக்கவும் முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை. பாலை, முதிரை, கருங்காலி ஆகியவற்றின் வெட்டுத்துண்டுகளைக் கடைசல் பிடித்தாலும் நல்ல அலங்கார முட்டைகள் கிடைக்கும். கடைகளில் வாங்கும் பிளாஸ்டிக் அலங்காரங்களுக்குப் பதிலாக இவற்றை வைக்கும் வீடுகள் வன்னியில் இல்லாமற் போகா.

பாடசாலைக் கண்காட்சிகளை ஒழுங்குசெய்வோரிடம் நான் கேட்பது இரண்டு. முட்டைக்கோது ஆக்கங்களைக் கழிவுப்பொருள் மேசையிலிருந்து எடுத்து, சித்திரங்களோடும் சிற்பங்களோடும் வையுங்கள். நடுவர்கள் அவற்றைக் கையில் எடுத்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துப் புள்ளியிடட்டும். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் இடம் கிடைக்குமானால், மேலே விவரித்த கவராய முட்டையின் படத்தைப் படிமுறை படிமுறையாக வரைந்து அனுப்பி வைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
கிளிநொச்சி.