புதுக்கோட்டை மாவட்டத் தொல்லியல் இடங்களுக்கான பள்ளிக் களப்பயணத்தை முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
சமூக அறிவியல், வரலாற்றுப் பாட ஆசிரியர்கள்,
அரசு உயர்நிலை மற்றும் மேல்நிலைப் பள்ளிகள்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியரகம், புதுக்கோட்டை.

பொருள்: பள்ளி மாணவர் களப்பயணம் – ஒரு நாளுக்கான இடங்கள், குழு அளவு, பயண நாள், நுழைவுக் கட்டணம், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றில் உரிய ஆணை வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம், திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம் என்று ஒரு மாவட்டத்துக்குள் இத்தனை இடங்கள் அமைந்திருப்பது பெரிய வாய்ப்பு. களப்பயணம் கெடுவதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. பேருந்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு எல்லா இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே நாளில் ஐந்து இடங்கள் பட்டியலில் ஏறுகின்றன. திருமயம் புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே, சித்தன்னவாசல் வடமேற்கே, கொடும்பாளூர் இன்னும் அப்பால். நாளில் பாதி பேருந்திலேயே கழிகிறது. ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, வரிசையில் நின்று, ஒரு குழுப்படம் எடுத்து, மறுபடி ஏறுவதோடு பயணம் முடிகிறது.

எங்கள் கோரிக்கை சுருக்கமானது. எத்தனை இடம் பார்க்கலாம் என்பதைப் பேருந்தின் இருக்கையை வைத்து முடிவு செய்யாமல், அங்குள்ள மிகச் சிறிய அறையில் எத்தனை பேர் நிற்க முடியும் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

சித்தன்னவாசலில் உள்ள சமணக் குடைவரைக் கோயிலான அறிவர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். கருவறைக்கு முன்னால், ஓவியங்கள் உள்ள அர்த்தமண்டபம் ஏறக்குறைய 22.5 அடி நீளம், 7.5 அடி அகலம். அதாவது சுமார் 169 சதுர அடி. கருவறை சுமார் 9.5 அடி சதுரம். ஒரு பேருந்துப் பிள்ளைகள் 48 பேரையும் ஒன்றாக உள்ளே விட்டால் தலைக்கு மூன்றரைச் சதுர அடிதான் கிடைக்கும். பின்னால் இருப்பவர் முன்னால் தள்ள, முன்னால் இருப்பவர் தூணில் கை ஊன்றுவார். ஆடல் மகளிர் ஓவியங்கள் அந்தத் தூண்களில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே பெரும்பகுதி மங்கிவிட்டன. சுண்ணச் சாந்தின் மேல் தீட்டிய வண்ணம் அது. கைவியர்வையும் நெருக்கமான மூச்சின் ஈரமும் அதற்கு ஆகாது. 16 பேராகப் பிரித்து அனுப்பினால் தலைக்குப் பத்துச் சதுர அடி கிடைக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கலாம்.

நேரமும் அப்படித்தான். கோயில் மேற்கு நோக்கியது. முற்பகலில் உள்ளே வெளிச்சம் குறைவு. வெயிலிலிருந்து நுழைந்தவரின் கண் பழகவே இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் வெளியே வா என்றால், விதானத்தில் (மேற்கூரையில்) தீட்டிய தாமரைக் குள ஓவியம் கண்ணில் பட ஆரம்பிக்கும்போது பிள்ளை வெளியே நிற்கும். ஒரு குழுவுக்கு 12 நிமிடம் வேண்டும். குளத்தின் கோட்டோவியம் ஒன்றை ஏ4 தாளில் அச்சடித்துக் கொடுத்து, மீன் எங்கே, யானை எங்கே, எருமை எங்கே, பூப்பறிக்கும் ஆள் கையில் என்ன என்று தேடிக் குறிக்கச் சொன்னால் போதும். அறிவிப்புப் பலகையை வரிக்கு வரி நோட்டில் எழுதச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடலாம். பலகையின் வாசகத்தைப் பள்ளியிலேயே கொடுத்துவிட முடியும். விதானத்தைக் கொடுக்க முடியாது.

சமண முனிவர் தங்கிய ஏழடிப்பட்டம் குகை குன்றின் மறுபுறம், கிழக்குச் சரிவில் உள்ளது. வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகளும் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் அங்கேதான். பாறையில் வெட்டிய படிகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். காலை பத்தரைக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும். அதனால் வாயில் திறந்ததும் முதலில் ஏழடிப்பட்டம், அடுத்து அறிவர் கோயில், பிறகு திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் என்ற வரிசையே சரி. நண்பகல் வெயிலில் கூரையின் கீழ் இருக்கலாம். சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் அங்கே வழி உண்டு. அந்த நாளுக்கு அவ்வளவுதான். குடுமியான்மலை அருகில்தானே இருக்கிறது என்று இதோடு சேர்த்துவிடக் கூடாது. ஏழு பிரிவுகளாக, நான்கு நான்கு சுரங்களாகப் பொறித்த அந்த இசைக் கல்வெட்டு கோயில் வளாகத்துக்குள் இருக்கிறது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு போய்ச் சேரும் பேருந்து பூட்டிய கதவைத்தான் பார்க்கும். குடுமியான்மலையும் நார்த்தாமலையும் சேர்ந்து தனியாக ஒரு நாளுக்கு உரியவை.

இனி நாள் பற்றி. அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரிந்த செய்திதான். இருந்தும் வாரக் கடைசியில் பாடம் கெடாது என்ற எண்ணத்தில் வெள்ளிக்கிழமைக்கே பயண நாள் குறிக்கப்படுவது நடக்கிறது. களப்பயண நிதி கல்வியாண்டின் இறுதியில் வந்து, மார்ச் மாதத்துக்குள் செலவுக் கணக்கு முடிக்கச் சொல்லும்போது நிலைமை இன்னும் மோசம். பொதுத்தேர்வு ஒருபுறம், பாறைச் சூடு மறுபுறம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும்தான் உகந்த காலம். இந்த ஆறேழு வாரங்களைப் பள்ளிகள் முட்டிமோதாமல் பங்கிட்டுக்கொள்ள ஒரு பொது நாட்காட்டி வேண்டும். நவம்பர் 19 அன்று இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் எல்லோருக்கும் நுழைவு இலவசம் என்பதால் அன்றைக்கே போக நினைக்கும் பள்ளிகள் உண்டு. மழையும் கூட்டமும் சேர்ந்த நாள் அது, தவிர்ப்பதே நல்லது.

நுழைவுக் கட்டணத்தில் ஒரு சிக்கல். இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. எட்டாம் வகுப்பு தடையின்றி நுழையும். பத்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு 15 முடிந்திருக்கும், பாதிப் பேருக்கு முடிந்திருக்காது. வாயிலில் நின்று வயது விசாரிப்பதில் அரை மணி நேரம் போய்விடும். காசு கொண்டுவராத பிள்ளை ஒதுங்கி நிற்கும். தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் இட்ட, பிறந்த தேதியுடன் கூடிய பெயர்ப்பட்டியலை இரண்டு படிகள் கொண்டுபோனால் நேரம் மிச்சமாகும். அரசுப் பள்ளி மாணவர் அனைவரையும் கட்டணமின்றி அனுமதிக்குமாறு அத்துறையின் திருச்சிராப்பள்ளி வட்டத்துக்குத் தாங்கள் எழுதினால், சிக்கலே இராது.

பழங்காலக் கோட்டை இருந்த பொற்பனைக்கோட்டையில் மாநிலத் தொல்லியல் துறை 2023 முதல் அகழாய்வு மேற்கொண்டது. அங்கே மீண்டும் பணி நடக்கும் காலத்தில் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றுத் தர வேண்டும். நிபந்தனையும் நாங்களே சொல்கிறோம்: குழி விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, அதற்கு வெளியேதான் நிற்க வேண்டும். விளிம்பில் நின்றால் மண் சரிந்து அடுக்குகள் கலந்துபோகும். எந்தப் பொருள் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதற்கே ஆதாரம் இல்லாமல் போகும். பானை ஓட்டுச்சில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது பிள்ளைகளுக்கு விளையாட்டு. இடம் மாறிய சில்லு வெறும் சில்லுதான் என்பதை வகுப்பிலேயே சொல்லிவிட்டு அழைத்துப்போவோம்.

ஆகவே கீழ்க்காணுமாறு ஆணையிட வேண்டுகிறோம்.

1. ஒரு நாளில் ஓர் ஊரின் தொல்லிடமும் ஓர் அருங்காட்சியகமும், அல்லது அருகருகே உள்ள இரண்டு ஊர்களும் மட்டும். பேருந்துக்கு 48 மாணவர், 4 ஆசிரியர். இவர்களில் இருவராவது பெண் ஆசிரியர். குழுவுக்கு 16 பேர். குழுவோடு ஓர் ஆசிரியர் போக, நான்காமவர் பேருந்தருகே முதலுதவிப் பெட்டியுடன் இருப்பார்.

2. நிதியையும் பயண நாட்காட்டியையும் நவம்பர் மாத இறுதிக்குள் பள்ளிகளுக்கு அனுப்புதல். பயணம் திங்கள் முதல் வியாழன் வரை மட்டும்.

3. சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலையில் மாணவியர் பயன்படுத்தத்தக்க கழிப்பறை, தண்ணீருடன். கட்டடம் இருந்து பூட்டியிருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். பயண நாளன்று சாவி யாரிடம் என்பதை ஊராட்சி வழியாக உறுதிசெய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். கூடுதலாக 20 லிட்டர் கேன் இரண்டு பேருந்தில் இருக்கும்படி செய்ய வேண்டும்.

4. பாறை இடுக்குகளில் தேனடை இருக்கிறதா என்று முந்தைய நாள் காவலர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு. கல் எறிதல், கூச்சல், புகை மூன்றும் தேனீயைக் கிளப்பும். நார்த்தாமலை விசயாலய சோழீச்சரம் கோயிலுக்குப் போகும் வழி வெட்டவெளிப் பாறை. ஓடி ஒளிய இடமில்லை.

5. பள்ளிக்கு ஓர் ஆசிரியருக்கு, கல்வெட்டு ஆய்வாளரும் அருங்காட்சியகக் காப்பாட்சியரும் நடத்தும் ஒரு நாள் பயிற்சி. எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸ் தடவுவது, ஈரத்துணியால் துடைப்பது, விரலால் தடவிக் காட்டுவது ஆகிய மூன்றையும் பல நேரம் பெரியவர்களே செய்கிறார்கள். தொன்மைச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பதும் பயிற்சியில் இடம்பெற வேண்டும். காலை, மாலைச் சாய்வு வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பல எழுத்துகள் தாமாகவே தெரியும்.

முதற்கட்டமாக வரும் ஜனவரியில் அன்னவாசல், குன்றாண்டார்கோவில் ஒன்றியப் பள்ளிகளில் மட்டும் இம்முறையை நடைமுறைப்படுத்திப் பார்க்கலாம். வழித்தடம், கால அட்டவணை, மாணவருக்கான வினாத்தாள் மாதிரி ஆகியவற்றைத் தயாரித்துத் தரும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுவில் கையொப்பமிட்டுள்ள ஆசிரியர்கள்.

இடம்: புதுக்கோட்டை

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், புதுக்கோட்டை, காப்பாட்சியர், அரசு அருங்காட்சியகம், திருக்கோகர்ணம்.