செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

தணிக்கை முடிந்த கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். லிஃப்ட், மோட்டார், குப்பை விவகாரங்கள் வழக்கம்போல் வந்து, பேசித் தீர்ந்தன. இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது மாடிப்படி பெயின்ட்.

நம்முடையது பழைய கட்டடம். கைப்பிடிகளிலும் ஜன்னல் கட்டைகளிலும் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. புதிதாக அடிக்கும் முன் வேலையாட்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்ததும், கீழ்வீட்டு உறுப்பினர் ஒருவர், "இதில் காரீயம் (lead என்னும் நச்சு உலோகம்) இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று தடுத்தார். வேலையை நிறுத்தி, சுரண்டிய பெயின்ட்டைச் சோதனைக்கு அனுப்பினோம். புது பெயின்ட்டில் காரீயத்துக்கு உலக அளவில் பரிந்துரைக்கப்படும் வரம்பு 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. நம் மாதிரி அதை வெகுவாகத் தாண்டியிருந்தது.

உதிர்ந்த பெயின்ட்டைக் குழந்தை தின்றால்தானே ஆபத்து என்று சிலர் கேட்டார்கள். தின்னவே வேண்டாம், தூசி போதும். தவழும் பிள்ளையின் கையில் ஒட்டுகிறது, கை வாய்க்குப் போகிறது. வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம். பாதிக்கப்படுவது வளரும் மூளை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராம் இருந்தாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்கச் சொல்கிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தை இந்த அளவிலோ அதற்கு மேலோ இருப்பதாக 2020-இல் யுனிசெஃப் கணக்குச் சொன்னது.

"நாங்களெல்லாம் இதைத் தொட்டு வளரவில்லையா?" என்றும் கேட்டார்கள். வளர்ந்தோம்தான். யாருக்கு மூளைத்திறன் எவ்வளவு குறைந்தது என்று அளந்து பார்த்தவர்தான் இல்லை.

அப்புறம் வேலை வேறு மாதிரி நடந்தது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே சுரண்டல், முடிந்ததும் ஈர மாப். துடைப்பம் தொடக்கூடாது, அது தூசியைக் கிளப்பிவிடும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டோம். உரியாத இடங்களைக் கிளறாமல் மேலேயே புது பெயின்ட் அடித்தோம். நாள் கூடியது, கூலியும் கூடியது. செலவு சரியானதே என்பது என் கருத்து.

மருத்துவரை அழைத்து நடத்திய கூட்டத்தில் பலரும் தண்ணீரைப் பற்றியே கேட்டார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பழைய குழாயிலிருந்து காரீயம் கரையலாம் என்பதால், அதில் இரவெல்லாம் தேங்கிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டுப் பிடிப்பது நல்லது. காரீயம் புழங்கும் பேட்டரிப் பட்டறையில் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் இப்போது உடுப்பு மாற்றிக் குளித்த பிறகே மகளைத் தூக்குகிறாராம். பாதிப்பு பெரும்பாலும் வெளியே தெரியாது, இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். சந்தேகம் உள்ளவர்கள் கைவைத்தியத்தில் இறங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பின்பக்கத் தொகுதியின் ஜன்னல்கள் பாக்கி. திறந்து மூடும்போதெல்லாம் கட்டைகள் உரசி, அங்கே தூசி விழுந்துகொண்டே இருக்கிறது. செலவுக்கான தீர்மானம் அடுத்ததாக வருகிறது. வேலை முடியும் வரை அந்த வீட்டுக்காரர்கள் ஜன்னலடியை ஈரத்துணியால் துடைத்து, குழந்தையின் படுக்கையைத் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்