தன்னைத் திருத்தும் நிரலுக்கும் அதே எல்லைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தன் நிரலைத் தானே திருத்திக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டால், எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடிந்து நிற்குமா என்று சொல்லிவிடும் நிரல் இருக்க முடியாது என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் காட்டிய எல்லையெல்லாம் உடைந்துவிடும் என்று உங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை சொல்கிறது. உடையாது. கல்லூரிப் பிள்ளைகள் நம்பி வாசிக்கும் பக்கம் என்பதால் எழுதுகிறேன்.

தன்னைத் திருத்தும் நிரல் புதிதே அல்ல. 1949-ல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் வரிசையாக இருக்கும் எண்களைக் கூட்ட வேண்டுமென்றால், 'இந்த முகவரியில் உள்ள எண்ணைக் கூட்டு' என்ற கட்டளையையே நிரல் எடுத்து, அதிலுள்ள முகவரியை அடுத்த எண்ணின் முகவரியாக மாற்றி, பழைய இடத்திலேயே எழுதிவிட்டு மறுபடி ஓட்டும். அன்றைக்கு அதுதான் வழக்கம். அதனால் எட்சாக் டூரிங்கின் எல்லையைத் தாண்டிவிடவில்லை.

காரணம் டூரிங்கின் 1936 கட்டுரையிலேயே இருக்கிறது. கட்டம் கட்டமாகப் பிரித்த நீண்ட நாடாவில் குறிகளைப் படித்தும் எழுதியும் வேலை செய்யும் கற்பனை இயந்திரங்களை (டூரிங் இயந்திரங்கள்) அதில் விவரித்தார். அவற்றில் பொது இயந்திரம் என்பது இன்னொரு இயந்திரத்தின் விவரத்தை நாடாவிலிருந்து படித்து, அது செய்வதை அப்படியே செய்யும். நிரலும் நாடாவில், தரவும் நாடாவில். அப்புறம் நிரல் தன்னைத் திருத்துகிறது என்றால் நாடாவில் சில கட்டங்களை அழித்து எழுதுகிறது, அவ்வளவுதான். எப்படித் திருத்த வேண்டும் என்பதும் ஒரு விதிதானே, அதையும் சேர்த்தே பொது இயந்திரம் ஓட்டிக் காட்டிவிடும்.

எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா, நிற்காதா என்று சரியாகச் சொல்லும் ஒரு நிரல் இருக்கிறது என்று வையுங்கள். அதை உள்ளே வைத்து, 'நிற்கும்' என்று பதில் வந்தால் முடிவில்லாமல் சுற்றவும் 'நிற்காது' என்றால் உடனே நிற்கவும் செய்கிற இன்னொரு நிரலை எழுதி, அது தன்னைப் பற்றியே கேட்கும்படி விட்டால் எந்தப் பதிலும் பொய்யாகிவிடும். ஆகவே அப்படிச் சொல்லும் நிரல் இருக்கவே முடியாது. இந்த நிரூபணத்தில் நிரல் மாறவே கூடாது என்று எங்கேயும் நிபந்தனை இல்லை. திருத்தத்தால் வேகம் கூடலாம், புதிதாகக் கற்கலாம், சரி. வெளியிலிருந்து கிடைத்த தகவலால் கூடுதலாக ஒன்று தெரிந்தால் அது அந்தத் தகவலின் பலம்.

கட்டுரை பேசியிருக்க வேண்டியது வேறு. ஒரு நிரலின் நடத்தை பற்றி உருப்படியாக எதைக் கேட்டாலும், எல்லா நிரல்களுக்கும் பதில் சொல்லும் பொதுவான சோதனை இருக்க முடியாது என்று 1953-ல் கணிதவியலாளர் ஹென்றி ரைஸ் நிரூபித்தார். திருத்திய பிறகும் இது ஒழுங்காக நடக்குமா என்ற கேள்வியும் அதில் அடக்கம். ஆனால் தனித்தனியாக எடுத்தால் நிரூபிக்க வழி உண்டு: ஐந்து நிலைகளும் (அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் விதித் தொகுப்புகள்) நாடாவில் எழுத இரண்டு குறிகளும் கொண்ட டூரிங் இயந்திரங்களில், வெற்று நாடாவில் தொடங்கி நின்றுவிடுபவை அதிகபட்சம் 4,71,76,870 அடிகள் ஓடும் என்று 2024-ல் தன்னார்வலர்கள் கணினியே சரிபார்த்த நிரூபணத்துடன் முடித்தார்கள். ஒவ்வொன்றாக மல்லுக்கட்டிய வேலை அது.

மாணவர்கள் தேர்வில் தப்பாக எழுதிவிடாமல் இருக்க, அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்