எழுபதாவது மீட்டருக்கு மேலே

உ
சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுறது.

சீப்புச்சீடையும் மனகோலமும் கூரியர்ல போட்டாச்சு. உன் போன் வரலைன்னு ஆத்தா வளவுக்கும் முகப்புக்குமா நடக்குறா. எனக்குக் கவலை அது இல்லை.

நீ ஜெயிச்ச 100 மீட்டர் வீடியோவ மெதுவா ஓடவிட்டுப் பார்த்தேன். ஊரே பேசுது, சந்தோஷந்தான். ஆனா எழுபது மீட்டருக்கு மேலே வலது கால் ஊன்றும்போதெல்லாம் இடது இடுப்பு இறங்குது. நிக்கர் எலாஸ்டிக்கைப் பாரு, கோணலா நிக்கும்.

முழு வேகத்துல கால் தரையில இருக்குறது ஒரு நொடியில பத்துல ஒரு பங்குதான். அதுக்குள்ள உடம்பு எடையைப் போல பல மடங்கு பாரம் ஒத்தைக் கால்ல ஏறும். அப்போ இடுப்பைச் சாயவிடாமப் பிடிக்கிறது ஊன்றின காலோட பக்கத்துப் புட்டத் தசை, குளூட்டியஸ் மீடியஸ். அது சோர்ந்தா மறுபக்கம் தொங்கும். தொங்குனதைத் தூக்கக் கீழ்முதுகு மல்லுக்கட்டும். முதுகுக்கு வேற வேலை இருக்கு: கையும் காலும் எதிரெதிரா முறுக்கும்போது நடுவுல அசையாம நிக்கணும். ரெண்டையும் அது தலையில கட்டினா எத்தனை நாள் தாங்கும்?

இன்னொண்ணு. இடுப்பு முன்னால கவிழ்ந்து முதுகு வில்லா வளைஞ்சா, பின்தொடைத் தசை மாட்டியிருக்குற உட்காருற எலும்பு மேலே ஏறிடும். தசை ஏற்கனவே இழுபட்டு நிக்கும். வீசின கால் தரைக்கு வர்ற நேரத்துலதான் அது கிழியும். பின்தொடை பிடிக்குதுன்னு அதையே நீட்டிக்கிட்டு இருக்காதே.

படிக்கட்டு விளிம்புல ஒத்தைக் கால்ல நின்னு, முட்டியை மடக்காம, மறு இடுப்பை இறக்கி ஏத்து. 10 தடவை, 3 சுத்து. ஒருக்களிச்சுப் படுத்து முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்துற பக்கவாட்டுப் பிளாங்க், ஒவ்வொரு பக்கமும் 30 நொடி. வாரம் 3 நாள், ஓட்டத்துக்குப் பின்னால. முன்னால செஞ்சா தசை களைச்சுப் போய் இன்னும் சாயும். படிக்கட்டை மட்டும் விட்டுடாதே.

அப்புறம், ஒத்தைக் கால்ல நின்னு பின்னால வளைஞ்சு பாரு. கீழ்முதுகுல ஒரு பக்கம் மட்டும் சுருக்குன்னா ஓட்டத்தை நிறுத்து. முள்ளெலும்போட பின்பக்கம் கீறல் விழுந்திருக்கலாம்; எக்ஸ்ரேயில தப்பிடலாம், எம்ஆர்ஐ கேளு.

ஆத்தங்குடிக் கல்லுத் தரையில தினம் 200 சிட்அப் எடுக்க வச்சவன் நான்தான். பக்கத் தசைக்கு ஒண்ணும் சொல்லித் தரலை. ஒரு நாள் முதுகு வலிக்குதுன்னே. ஓடுறவளுக்கு வலிக்காமலான்னு கேட்டேன். அதுக்கப்புறம் நீ என்கிட்ட வலின்னு சொன்னதே இல்லை.

வளைஞ்சு பார்த்துட்டு ஆத்தாளுக்கு போன் போடு. நான் பக்கத்துலதான் இருப்பேன்.

அப்பச்சி