கொடிக்கம்பம் இருக்கட்டும், முதலில் கூரை: நம் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

கடல் தாண்டிப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் படிப்பகக் கட்டடக் குழுவின் வணக்கம்.

போன சுதந்திர தினத்தன்று நடந்ததை உங்களில் பாதிப் பேர் போனிலேயே பார்த்திருப்பீர்கள். தலைமையாசிரியர் கயிற்றை இழுத்தார். கொடி பாதித் தூரம் போய் நின்றுவிட்டது. முடிச்சு அங்கேயே அவிழ்ந்து, உள்ளே வைத்திருந்த சாமந்திப் பூவெல்லாம் அவர் தலையில் கொட்டியது. இழுத்தால் மேலேயும் போகவில்லை, விட்டால் கீழேயும் வரவில்லை. சிங்கப்பூரில் ரயிலில் நின்றபடி வீடியோ காலில் இருந்த ஒரு தம்பி, "என்ன சித்தப்பா, அரைக்கம்பத்துல நிக்குது, யாரும் தவறிட்டாங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டார். கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஏறி, கப்பியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் கொடி மேலே போனது.

கப்பி துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். மறுநாள் மன்னார்குடியில் புதுக் கப்பி வாங்கி மாட்டிவிட்டோம். 280 ரூபாய்.

ஆனால் அன்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் நடந்தது வேறு. "நம் ஊருக்கே அவமானம்" என்று ஒருவர் ஆரம்பித்தார். நூறடிக் கம்பம் நடலாம் என்றார் துபாயிலிருந்து ஒருவர். கிரானைட் மேடை தன் செலவு என்றார் இன்னொருவர். விடிவதற்குள் ஒன்றே கால் லட்சத்துக்கு வாக்குறுதி வந்துவிட்டது. அந்த உணர்ச்சியைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. இங்கே இருந்தவரை ஆகஸ்ட் 15 என்றால் மிட்டாய்க்கு மட்டும் எட்டிப் பார்த்தவர்கள், இன்று குவைத்தில் காலை ஐந்தரைக்கு எழுந்து நம் எட்டு மணிக் கொடியேற்றத்தைப் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் வேறு நாட்டுக் கொடியை வெளியே தெரியும்படி கட்டுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. ஜன்னலில் கட்ட முடியாத கொடியைத்தான் டிபியில் வைக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

இருந்தாலும் குழு கூடி மூன்று மணி நேரம் பேசி, நூறடிக் கம்பம் வேண்டாம் என்று முடிவு செய்தது. ஒருமனதாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம், இரண்டு பேருக்கு இன்னும் வருத்தம்தான். காரணம் இதுதான். நூறடிக் கம்பத்துக்கேற்ற பெரிய கொடி ஐப்பசி கார்த்திகைக் காற்றில் அடிக்கடி கிழியும். கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்று கொடி விதியே சொல்கிறது. அதை இறக்கி, புதிது வாங்கி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வருஷா வருஷம் அந்தச் செலவை யார் பார்ப்பது? அப்புறம், அந்த வீடியோவில் கொடிக்குப் பின்னால் ஒரு நீலத் தார்ப்பாய் தெரிந்ததே, அதை யாராவது கவனித்தீர்களா? அதுதான் நம் படிப்பகம்.

2018 நவம்பர் 15 ராத்திரி, விடிந்தால் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது போனது அந்தக் கூரை. தென்னை போனவர்கள், வீடு போனவர்கள் இருந்த ஊரில் படிப்பகத்தைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை, பேசியிருக்கவும் முடியாது. சீமை ஓடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பனஞ்சட்டங்கள் எதிர் வயலில் கிடந்தன. நனையாத புத்தகங்களைச் சாக்கில் கட்டி ரேஷன் கடையின் பின்னறையில் வைத்தோம். அங்கே பாதியைக் கரையான் பார்த்துக்கொண்டது. தார்ப்பாய் மட்டும் மூன்றாவது முறையாக மாற்றியிருக்கிறோம். கொடிக்கம்பமோ அந்தப் புயலிலும் அசையவில்லை.

படிப்பகத்தைக் கட்டியது யார் என்பது வாசல் சுவரில் இருக்கும் கல்லைப் படித்தவர்களுக்குத் தெரியும். ராஜுலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிப் போன காலத்தில், பாயும் தகரப்பெட்டியுமாக ஏறிப் போன நம் பாட்டன்மார் அனுப்பிய பணம் அது. கல்லில் 23 பெயர்கள், பக்கத்தில் தொகை. பெரிய தொகை 200 ரூபாய். கடைசி வரி, "பெயர் வேண்டாதவர் ரூ. 11". ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்துச் சேர்த்த காசு. அவர்கள் கட்டியதில் முதலில் எழும்பியது கட்டடம். கம்பம் அப்புறம்தான், அதுவும் கட்டட வேலையில் மிஞ்சிய இரும்புக் குழாயில் போட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த 23 பேரில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்திறங்கியபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் ஏராளமாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்களே, அதில் இவரும் போனார். 1946-இல் ஊர் திரும்பினார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கொடியேற்றியது அவர்தான். வெள்ளைச் சட்டை, காலில் செருப்பு இல்லை. கொடிக் கயிற்றைக் கையில் வாங்கும்போது வலது கட்டைவிரல் மட்டும் மடங்காது. சண்டையில் பட்ட காயமா தாத்தா என்று கேட்டால், "கத்திடா, பால்வெட்டுக் கத்தி" என்பார். போரைப் பற்றிக் கேட்டால் காய்ச்சலையும் பசியையும் பற்றித்தான் பேசுவார். எங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்தக் கத்தி இப்போது அவர் பேரன் வீட்டில், துருவேறாமல், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். படிப்பகத்துக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் குழுவினர் நான்கு பேர் தில்லையாடிக்குப் போய் வந்தோம். தரங்கம்பாடிக்குப் பக்கம், இப்போது மயிலாடுதுறை மாவட்டம். வள்ளியம்மையின் பெற்றோர் அந்த வட்டாரத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள். 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அந்தப் பெண் தில்லையாடியைக் கண்ணால் கண்டதில்லை. காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, தன் பிறந்த நாளிலேயே, 16 வயதில் இறந்துபோனார். சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று கேட்டதற்கு, மறுபடி கைது செய்தாலும் போவேன், தாய்நாட்டுக்காகச் சாக யாருக்குத்தான் விருப்பம் இருக்காது என்று சொன்னதாகக் காந்தி எழுதியிருக்கிறார். பார்த்தே இராத நாட்டை அந்தப் பெண் தாய்நாடு என்றது. மறு வருஷம் காந்தி தில்லையாடிக்கே வந்தார். அங்கே வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் இருக்கிறது, நூலகமும் இருக்கிறது. திரும்பி வரும்போது வேனில் யாரும் நூறடிக் கம்பத்தைப் பற்றிப் பேசவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது கான்கிரீட் தளத்தைத் தாங்காது என்கிறார் பொறியாளர். அதனால் சுவரை அப்படியே விட்டு, ஆறு பில்லர் எழுப்பி அதன் மேல் தளம் போடுகிறோம். மறுபடி ஓடே போடலாம், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் என்ற பேச்சும் வந்தது. கஜாவைப் பார்த்தவர்கள் சம்மதிக்கவில்லை. இதற்கு 11 லட்சத்து 40 ஆயிரம். மின்சார வேலை, மேசை, அலமாரி, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம். இன்று குரூப் 4 எழுதப் படிக்கும் நம் ஊர்ப் பெண்கள் காலை பஸ்ஸில் மன்னார்குடி போய், உட்கார இடம் கிடைக்காமல் மத்தியானமே திரும்புகிறார்கள். மீதி 60 ஆயிரம், உள்ளே ஒரு சுவரில் கடல் தாண்டிப் போனவர்களின் பெயர், படம், பொருள் வைப்பதற்கு. மொத்தம் 14 லட்சத்து 10 ஆயிரம்.

ஊருக்குள் இதுவரை 3 லட்சத்து 25 ஆயிரம் சேர்ந்திருக்கிறது. சம்பா அறுவடையில் ஒரு மா நிலத்துக்கு ஒரு மரக்கால் நெல் என்று பேசி வாங்கிய நெல்லை விற்ற பணமும் இதில் அடக்கம். நிலம் இல்லாதவர்கள் ஒரு நாள் கூலியைக் கொடுத்தார்கள். கேட்காமலேயே கொடுத்தார்கள். பாக்கி 10 லட்சத்து 85 ஆயிரத்துக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

கம்பத்துக்கென்று தொகை சொன்னவர்கள், அதைக் கூரைக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று ஒரு வரி எழுதுங்கள். சம்மதம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பணம் அனுப்புவதில் ஒரு விஷயம், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க மத்திய உள்துறையின் அனுமதி வேண்டும், நம் குழுவிடம் அது இல்லை. ஆகவே வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பணம் அனுப்ப வேண்டாம். வங்கியைத் தவிர்த்துக் கைமாற்றிவிடும் உண்டியல் (ஹவாலா) வழியாக யாருமே அனுப்ப வேண்டாம், இந்திய ரூபாயாகக் கையில் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க மாட்டோம். வங்கிக் கணக்கு விவரம் குழுவில் ஏற்கெனவே இருக்கிறது. புது எண் என்று யாராவது அனுப்பினால் நம்பாமல், ஊரில் உங்கள் வீட்டுக்குப் போன் செய்து கேளுங்கள். நன்கொடை தருபவருக்கான 80ஜி வரிவிலக்கு நம் குழு வழியாகக் கிடைக்காது. வரவு செலவு மாதம் ஒருமுறை டீக்கடைப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வரும்.

பணம் வேண்டாம் என்று சொன்னதில் சிலருக்கு மனம் சங்கடப்படும், தெரியும். குடியுரிமை மாறியவர்களை ஊர் தள்ளி வைக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர்க் கொடிக்கு முன்னால் நிற்கட்டும், அந்த நாட்டு ராணுவத்தில் சேவை செய்யட்டும். சோறு போடும் நாட்டுக்கு அதுதான் முறை. உங்களிடம் நாங்கள் கேட்பது வேறு. பெட்டிக்குள் கிடக்கும் பழைய கப்பல் டிக்கெட், தாத்தாவின் பாஸ்போர்ட், ஊரிலிருந்து போன ஏர்மெயில் கடிதம், தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் முன் நின்று எடுத்த புகைப்படம், இவற்றில் எது இருந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள். யார், எந்த வருஷம் போனார், எந்தத் தோட்டம் என்று இரண்டு வரி போதும். அந்தச் சுவரை உங்கள் உதவி இல்லாமல் எங்களால் நிரப்ப முடியாது.

மாசி பிறந்ததும் வேலை தொடங்க வேண்டும். பங்குனி, சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும்போதுதான் செங்கல் லாரியும் எம்-சாண்ட் லாரியும் வாய்க்கால் ஓரப் பாதையில் இறங்க முடியும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பைத் தாண்டி நம் பக்கம் வந்துவிட்டால் பாதை சேறாகிவிடும், குறுவை நடவுக்குப் போன ஆட்களும் கிடைக்க மாட்டார்கள். அதற்குள் தளம் போட்டுவிட்டால் பூச்சு வேலையை ஆடியில் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். வரும் ஆகஸ்ட் 15-க்குள் திறக்க எண்ணம். கொடி பழைய கம்பத்திலேதான் ஏறும், புதுக் கப்பியில்.

கடைசியாக ஒன்று. புதுக் கல்லும் வைக்கிறோம், தொகை போடாமல் பெயர் மட்டும். பழைய கல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதில் 22 பேரின் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். 11 ரூபாய் கொடுத்த அந்தப் பெயர் வேண்டாதவர் யாரென்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்போதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
படிப்பகக் கட்டடக் குழுவினர்