சித்திரையில் ஏன் சைவ்ஸ் விதை தருவதில்லை?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வெயில் காலத்தில் சைவ்ஸ் விதை கேட்டு வருபவர்களை, "ஐப்பசிக்கு மேல் வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். கடைக்குள் குளிர்பெட்டியில் பாக்கெட்டுகள் இருப்பதைப் பார்த்துவிட்ட சிலர், விலை ஏறட்டும் என்று பதுக்கி வைத்திருக்கிறோமா என்று கேட்டார்கள். அதற்கான பதில்தான் இந்த மடல்.

சைவ்ஸ் (chives) இலைக்காக வளர்க்கும் வெங்காயக் குடும்பத்துச் செடி. குளிர்நாட்டுப் பிறவி. அதன் விதை நன்றாக முளைக்க மண்ணின் வெப்பம் 15 முதல் 21 டிகிரி வரை இருக்க வேண்டும். சித்திரையில் நம் வேலூர்ச் சத்துவாச்சாரி மொட்டைமாடித் தொட்டியில் விரலை வைத்துப் பாருங்கள், பிறகு நீங்களே விதை கேட்கமாட்டீர்கள். சுற்றிலும் பாறை மலைகள். வெளியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், ஈரமான சூட்டில் விதை முளைக்காமல் அழுகிவிடும். பழி விதையின் மேல் விழும். மார்கழி, தை இரவுகளில்தான் நம்மூர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. ஆகவே ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி வரை விதைப்புக் காலம். ஏலகிரியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை. 1,000 மீட்டருக்கு மேலான உயரம் அவர்களைக் காப்பாற்றிவிடும்.

குளிர்பெட்டிக்கும் காரணம் உண்டு. இலவம்பாடி முள் கத்தரி விதையைக் காயவைத்துச் சாம்பல் கலந்து டப்பாவில் போட்டால் சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெங்காய இன விதைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஓராண்டு நன்றாக முளைக்கும், அடுத்த ஆண்டு பாதிக்குப் பாதி, அதற்கு மேல் நம்பக்கூடாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். வாங்கியதில் மீதம் இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். சமையலறை அலமாரியில் வேண்டாம்.

விதைக்கும் முறை எளிது. அடியில் துளையுள்ள ஆறு அங்குலத் தொட்டி போதும். செம்மண், மணல், மட்கிய மண்புழு உரம் கலந்து நிரப்புங்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) சேர்ப்பதானால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள், அதில் உப்பு இருக்கலாம். ஒற்றை ஒற்றையாக நடவேண்டாம். பதினைந்து இருபது விதைகளை நடுவில் கூட்டமாகத் தூவி, அரை சென்டிமீட்டர் மண் போட்டு மூடுங்கள். முளைக்க வெளிச்சம் தேவையில்லை. ஈரச் சாக்கு போர்த்தி, வீட்டில் எது குளிர்ந்த மூலையோ அங்கே, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாலும் சரி, வைத்துவிட்டுத் தெளிப்பானால் மட்டும் நனையுங்கள். பத்து நாளில் தலை காட்டலாம், மூன்று வாரமும் ஆகலாம். நாலாம் நாளே கிளறிப் பார்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை விட்டால் பாதி வேலை முடிந்தது. முளை கொண்டை ஊசிபோல் மடங்கித்தான் வெளியே வரும். நுனியில் கறுப்பு விதைத்தோல் ஒட்டியிருக்கும், பிடித்து இழுக்காதீர்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட்டுக் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் சாய்த்துவிடும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெங்காய இனங்கள் உப்புக்கு அஞ்சும். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பல தெருக்களில் கடினம். தோல் தொழிற்சாலைகள் உள்ள பாலாற்றங்கரை ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுபவர்கள் அதிகம். தரை துடைக்க அது நல்லது. சைவ்ஸுக்கு ஊற்றினால் இலை நுனி காய்ந்து வரும், மண்மேல் வெள்ளை படியும். ஐப்பசி மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள், அல்லது குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் ஒரு சொம்பு ஒதுக்குங்கள்.

விதைத்து இரண்டு மாதமாவது கத்தரிக்கோலைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். இலை ஒரு சாண் வளர்ந்தபின், அடியில் இரண்டு விரல் அளவு விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தயிர்ப் பச்சடியிலும் முட்டை தோசையிலும் பொடியாக நறுக்கித் தூவலாம். அடுப்பை அணைத்தபின் போடுங்கள், கொதித்தால் மணம் போய்விடும். வீட்டில் நாய், பூனை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். வெங்காயம்போலவே இதுவும் அவற்றுக்கு நஞ்சு. படங்களில் வரும் ஊதாப் பூவை எதிர்பார்க்காதீர்கள். நல்ல குளிர்காலம் கடந்தால்தான் பூக்கும், அந்தக் குளிர் வேலூரில் இல்லை.

பங்குனிக்கு மேல் பச்சை நிழல்வலைக்கு அடியில் வைத்தாலும் சில தொட்டிகள் தாங்காது. ஆண்டு முழுக்கச் செடி வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் தருவது பூண்டு சைவ்ஸ். இலை தட்டையாக இருக்கும், பூ வெள்ளை, லேசான பூண்டு மணம். வெயிலை நன்றாகவே பொறுக்கும். சிகிச்சைக்காக வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கும் மணிப்பூர்க்காரர்கள் 'மரோய் நாகுப்பி' என்று கேட்டு வாங்குவது இதைத்தான். எங்களைக் கேட்டால், காட்பாடி வெயிலுக்கு முதல் தொட்டி இதுவாக இருக்கட்டும், சைவ்ஸ் அடுத்தது.

தீபாவளி முடிந்ததும் புது விதை விற்பனைக்கு வரும். பாக்கெட்டில் முளைப்புச் சோதித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். போன ஆண்டுத் தேதி இருந்தால், எங்கள் கடையானாலும் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் விதைக்கடையினர்,
வேலூர்